காருக்கும் சேர்த்து வாடகை

ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் வீடு பார்க்கப் போனோம். புதுக் கட்டடம். தரைத்தளம் முழுக்கத் தூண்களும் வெள்ளைக்கோடு போட்ட கார் கட்டங்களும்தான். கார் ஒன்றுகூட இல்லை.

வெயில் விழும் ஓரக் கட்டத்தில், கோட்டைத் தாண்டாமல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. காக்கா விரட்ட ஒரு அக்கா, கையில் குச்சி.

“வாடகை கூடுதலா இருக்கேண்ணே?”

“கார் பார்க்கிங் இருக்குல்ல தம்பி.”

“என்கிட்ட பைக்தாண்ணே இருக்கு.”

“பிளான்ல காட்டாட்டி அப்ரூவல் கிடைக்காதுப்பா. கட்டுன காச நான் எங்க எடுக்க?”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

ஒரு காருக்கு விதிப்படி 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். சுமார் 134 சதுர அடி, நல்ல படுக்கையறை அளவு. வண்டி திரும்பும் வழி தனி. அத்தனை கம்பியும் சிமெண்டும் வாடகையில்தான் வந்து விடிகிறது. கார் இல்லாதவனும் கட்டுகிறான்.

அமாவாசைக்கு ராமேசுவரத்தில் வண்டி நிறுத்த இடமில்லாமல் திணறுவது உண்மைதான். ஆனால் வெளியூர்க்காரர் வண்டியா இந்த வீட்டுக்குக் கீழே வந்து நிற்கப்போகிறது?

அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-லேயே இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பார்க்கிங்கே கூடாது என்றில்லை, வேண்டுமென்றால் கட்டிக்கொள்ளலாம். கார் வைத்திருப்பவரிடம் அதற்குத் தனியாக வாங்கிக்கொள்ளட்டுமே.