பஸ்டர் கீட்டன்: அங்குலக் கணக்கில் சாகசம்

1895இல் அமெரிக்காவின் கான்சஸில் பிறந்த ஊமைப்பட நகைச்சுவை நடிகர் கீட்டன், விழக் கற்றது மேடையில். பெற்றோரின் நிகழ்ச்சியில் அப்பா அவரைத் தூக்கி வீசுவார். பிடிக்கத் தோதாக உடையில் ஒரு கைப்பிடியே தைத்திருந்தார்கள். 1917இல் சினிமாவுக்கு வந்தார்.

எல்லோரும் பேசுவது 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் வீட்டு முகப்பு அப்படியே அவர்மேல் சரிய, ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் அவர் தப்பும் காட்சியை. துணிச்சலைவிடத் தச்சுவேலைதான் அதில் பெரிது. சுவரின் அடியில் உறுதியான கீல்கள். சட்டத்தைத் தரையில் சாய்த்து, கீட்டனை நிறுத்தி, அவர் உடலைச் சுற்றி ஜன்னலுக்கு அளவெடுத்தார்கள். தலைக்கும் தோளுக்கும் சுமார் 2 அங்குல இடைவெளி. குதிகால் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் ஆணி. லேசான செட் சுவர் உதவாது. புயல் காட்சிக்காக வைத்த காற்றாடி இயந்திரங்களின் வேகத்தில் முறுக்கிக்கொண்டால் ஜன்னல் இடம் மாறிவிடும். அதனால் நிஜமான கனத்தில் கட்டினார்கள்.

‘தி ஜெனரல்’ படத்தில் ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டில் உட்கார்ந்தபடியே போவார். பார்க்கச் சாதுவான காட்சி; என் கணக்கில் இதுதான் அதிக ஆபத்து. ஓட்டுநர் நீராவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் சக்கரம் வழுக்கிச் சுழலும், ஆளைத் தூக்கி அடிக்கும்.

‘ஷெர்லாக் ஜூனியர்’ படப்பிடிப்பில் ரயில் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய நீரின் வேகம் அவரைத் தண்டவாளத்தில் தள்ளியது. கழுத்தெலும்பு முறிந்தது பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

1928இல் எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவில் சேர்ந்ததோடு கதையும் படப்பிடிப்பும் அவர் கையைவிட்டுப் போயின.