செபமாலை மாதம்

அக்டோபர் 7

இன்று செபமாலை மாதாத் திருநாள். அம்மாவின் செபமாலையைக் காணோம்.

அக்டோபர் 8

தலையணை உறை, மெத்தைக்கு அடி, மாத்திரை டப்பா, துவைக்கப் போட்ட சேலை மடிப்பு எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா வேளாங்கண்ணியில் வாங்கிக் கொடுத்த மர மணி அது. நாலாவது பத்தில் ஒரு மணி கிடையாது, அந்த இடத்தில் நூலை முடிச்சுப் போட்டு வைத்திருப்பாள். வலது கை விழுந்துவிட்டது. இடது கை விரல்கள் போர்வை ஓரத்தை உருட்டிக்கொண்டே இருக்கின்றன. பத்து உருட்டல், ஒரு நிறுத்தம், மறுபடி பத்து. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பியிடம் கேட்டேன். "கயித்தப் புடிச்சிக்கிட்டுப் பரலோகம் போக முடியாதுக்கா" என்றான். எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10

யூரின் பை 600. பிசியோ பையன் வரவில்லை. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் படித்துறையின் மூன்றாம் படி வரை.

அக்டோபர் 12, ஞாயிறு

எதிர்வீட்டுப் பெரியம்மா அம்மாவுக்குத் துணை இருந்ததால் காலைப் பூசைக்குப் போக முடிந்தது. நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க வரிசை நகர்ந்தபோது வழக்கம்போல முழங்காலை ஒதுக்கி எல்லோருக்கும் வழிவிட்டேன். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. கத்தோலிக்க ஆயரிடம் அனுமதி வாங்காமல் பொறையாற்றில் வீட்டுக்காரரின் லுத்தரன் கோவிலில் தாலி கட்டிக்கொண்டவள் நான். அங்கே திருவிருந்துக்கும் எழுந்திருக்க மாட்டேன். அங்குள்ள போதகர் ஐயர் பலமுறை கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார். இரண்டு பந்தியிலும் இலை போடாமல் உட்கார்ந்திருப்பவள். மாமியார் என்னை "ஆர்சிக்காரி" (ரோமன் கத்தோலிக்கக்காரி) என்பார், இங்கே சித்திகளுக்கு நான் "லுத்தரன் வீட்டுக்குப் போனவள்".

தம்பியின் சபை பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடிகிறது. சாப்பிடும்போது சொன்னான்: "நீ ரெண்டு எடத்துலயும் இல்ல, அதான் நல்லது. ரட்சிக்கப்படறதுக்கு உனக்கு ஒரு படி கம்மி." சாம்பாரை ஊற்றினேன்.

அக்டோபர் 14

அம்மாவின் மருந்துச் சீட்டுக்கு மேல் ஒரு துண்டுப் பிரசுரம் வைத்திருக்கிறான். ரோமன் கத்தோலிக்கர் வேதத்தை மாற்றினவர்கள், இரண்டாம் கட்டளையையே தூக்கிவிட்டார்கள், விக்கிரகம் செய்யாதே என்பதை மறைத்துப் பத்தாவதை இரண்டாக உடைத்துக் கணக்கை நேர் செய்தார்கள் என்று தடித்த எழுத்தில்.

ராத்திரி இவரிடம் போனில் படித்துக் காட்டினேன். சிரித்தார். "அப்ப மார்ட்டின் லுத்தரும் உடைச்சவருதான்" என்றார். நினைவு வந்தது. என் பெரிய மகள் திடப்படுத்தலுக்கு லுத்தரின் ஞானோபதேசம் மனப்பாடம் செய்தபோது நான்தானே கேள்வி கேட்டேன்! எங்கள் ஞாயிறு வகுப்பில் சொன்ன அதே வரிசை. விக்கிரகத் தடை முதல் கட்டளைக்குள்ளேயே அடக்கம், இச்சிக்காதே என்பது கடைசியில் இரண்டாகப் பிரியும். பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அகுஸ்தீனாரின் கணக்கு அது. யாத்திராகமத்தில் வசனங்களுக்கு மேலே ஒன்று இரண்டு என்று கடவுள் நம்பர் போட்டுக் கொடுக்கவில்லை. யூதர்கள் இன்னொரு விதமாக எண்ணுகிறார்கள்.

தம்பியிடம் சொன்னேன். "அப்ப உங்க வீட்டுக்காரரும் பாதி ஆர்சிதான்" என்றான். ஒரு நொடி அவனுக்கு இரக்கம் வந்த மாதிரி இருந்தது, இவர்மேல்.

வேதாகமத்தில் புத்தக எண்ணிக்கையும் வேறுபடும். எங்களுக்கு 73, தம்பி சபைக்கு 66. இறந்தவர்களுக்காக வேண்டுவதைப் பற்றிய மக்கபேயர் வரி அந்த ஏழு புத்தகக் கணக்கில் போய்விடுகிறது. அப்பாவுக்காக வருஷா வருஷம் பூசைக்குக் காசு கட்டும் அம்மா அந்த ஏழில்தான் இருக்கிறாள்.

அக்டோபர் 15

மழை. அம்மா தூங்கினாள். நானும்.

அக்டோபர் 17

தம்பி சபையின் பாஸ்டர் வந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் சிரமம். செருப்பைத் திண்ணைக்குக் கீழே விட்டார், அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் ஜெபித்தார், கண்ணீர் நிஜம். பிறகு விஷயத்துக்கு வந்தார். குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றினது ஞானஸ்நானம் ஆகாது. விசுவாசித்து முழுகவேண்டும். ஆற்றுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் நெல் ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கழுவி வைக்கலாம், நாலு பேர் பிடித்துக்கொள்வோம்.

டியூப் போட்டிருக்கிற உடம்பு. படுக்கைப்புண் இப்போதுதான் ஆறுகிறது.

"பிலிப்பி பட்டணத்துச் சிறைக் காவலனுக்கு நடுராத்திரியில ஞானஸ்நானம் குடுத்தாரே பவுல், அந்த நேரத்துல எந்த ஆத்துக்குப் போனாங்க?" என்று கேட்டேன். இது இவரிடமிருந்து கற்ற கேள்வி, என்னுடையது இல்லை. பாஸ்டர் பதில் சொல்லுமுன் எதிர்வீட்டுப் பெரியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தது. அது சொன்ன கதையை இத்தனை வயதுக்கு இன்றுதான் கேட்கிறேன்.

அம்மா ஏழு மாதத்தில் பிறந்தவள். மூச்சில்லை. நீலம். சாமியார் வர ராத்திரியில் வழியில்லை, உபதேசியாரும் ஊரில் இல்லை. பாட்டி மயக்கம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி மாரியம்மன் கோவிலுக்குத் தீ மிதிக்கிறவள். ஆனால் வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடுகளில் பிள்ளை பார்த்துப் பார்த்து அவளுக்கு வார்த்தை தெரியும். செம்பில் ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் பிள்ளை தலையில் மூன்று முறை ஊற்றி, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் குடுக்கிறேன்" என்று சொல்லி, "மரியா" என்று ஒரு பேரையும் அவளே வைத்துவிட்டாள். பிள்ளை அழுதது.

பிறகு சாமியார் வந்து விசாரித்துவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டாம், அது செல்லும் என்று எண்ணெய் மட்டும் பூசிப் பதிவேட்டில் எழுதினாராம். சாகும் அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், கொடுப்பவர் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேண்டும் என்றுகூட இல்லை, தண்ணீரும் அந்த வார்த்தையும் திருச்சபை செய்கிறதைச் செய்கிற எண்ணமும் போதும் என்பது எங்கள் சட்டம். சின்ன வயதில் பரீட்சைக்குப் படித்தது. அதற்குப் பின்னால் ஒரு செம்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

தம்பி முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. "ஒரு அஞ்ஞானி குடுத்ததா?" என்றான். இவன் சொன்ன வார்த்தையைப் பெரியம்மா பொருட்படுத்தவில்லை. "அவ குடுக்கலன்னா நீ ஏதுடா" என்றது.

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்துவிட்டது. எதிர்க்கரையில் விடியற்காலையே பெண்கள் முழுகுகிறார்கள். மாயவரத்தில் மாதம் பூரா கூட்டம் இருக்கும், கடைசி நாள் கடைமுழுக்கு. நடக்க முடியாத ஒருவன் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேருவதற்குள் ஐப்பசி முடிந்துபோனதாம். அவனுக்காகக் கார்த்திகை முதல் நாளும் அதே பலன் என்று சாமி வரம் கொடுத்ததாம். முடவன் முழுக்கு என்று இன்றும் ஒரு நாள் உண்டு. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, இதென்ன பெயர் என்று இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றுகிற நாங்கள்தான் இப்போது அதைத் "திருமுழுக்கு" என்கிறோம். ஆளையே அமுக்கி எடுக்கிறவர்கள் "ஞானஸ்நானம்" என்கிறார்கள். யாராவது பேரை மாற்றிக்கொள்ளலாம்.

அக்டோபர் 20

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து அதிரசம், முறுக்கு. படைத்ததா என்று கேட்டுவிட்டு வாங்கு என்றான் தம்பி. கேட்காமலே சாப்பிடு என்றுதான் பவுலும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். நாலு முறுக்கு தின்றேன், கோபத்தில்.

அக்டோபர் 22

ராத்திரி இரண்டு மணிக்கு அவனும் நானும் கொள்முதல் நிலையத்தில். குறுவை நெல் பன்னிரண்டு நாளாகக் குவியலாகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள், மேகம் கலையவே இல்லை. தார்ப்பாயின் ஒரு முனையை நான் பிடித்தேன், மற்ற முனையை அவன். அடியில் கை விட்டுப் பார்த்தான், சூடு ஏறியிருக்கிறது. ஒரு பிடியை எடுத்து முளை விட்டிருக்கிறதா என்று டார்ச்சில் பார்த்தோம். இரண்டு மூன்றில் வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. திரும்பி வரும் வழியில் "அப்பா இருந்தா என்ன பண்ணிருக்கும்" என்றான். பூண்டி மாதாவுக்கு நேர்ந்திருப்பார். இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 25

அம்மா காதருகே நான் மெல்ல மந்திரம் சொல்கிறேன். புது மந்திரம் சொன்னால் உதடு அசைவதில்லை. அவள் படித்த பழைய மந்திரத்தில் ஆரம்பித்தேன்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." அசைந்தது!

தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வேதாகமத்தைக் கொண்டுவந்து லூக்கா முதல் அதிகாரத்தை நீட்டினான். "கிருபை பெற்றவளே, வாழ்க, கர்த்தர் உன்னுடனே இருக்கிறார்." எங்களுடையதில் "அருள்மிகப் பெற்றவரே". ஒரே கிரேக்க வார்த்தை, இங்கே மரியாதை, அங்கே ஒருமை. கானாவூர்க் கல்யாணத்திலும் அப்படித்தான், அவனுடையதில் "ஸ்திரீயே", எங்களுடையதில் "அம்மா".

"எங்க ஊர்ல எந்தப் புள்ள பெத்தவள ஸ்திரீயேன்னு கூப்பிடும்?" என்று கேட்டேன். "வேதத்துல என்ன இருக்கோ அத மாத்தக் கூடாதுக்கா, ஒனக்குப் புடிச்ச மாதிரி அம்மான்னு போட்டுக்கக் கூடாது" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. இதை எழுதப் பிடிக்கவில்லை, எழுதிவிட்டேன்.

போர்வை ஓரம் நூல் பிரிந்துவிட்டது. வேறு போர்வை மாற்றினால் விரல் நிற்கிறது. அதையே மறுபடி போட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்றும் முழங்காலை ஒதுக்கினேன்.

அக்டோபர் 28

உபதேசியார் சைக்கிளை நிறுத்தி, தணிந்த குரலில்: "தொட்டி கிட்டின்னு பேச்சு அடிபடுதே. அப்படி ஒண்ணு ஆயிட்டா கல்லறைத் தோட்டத்துல எடம் கேக்கறது செரமம். ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்." அப்பா பக்கத்தில் ஆறடி விட்டிருக்கிறோம். நான்தான் அந்த இடத்தில் சாமந்தி நட்டேன். உயிரோடு இருக்கிற அம்மாவை இரண்டு பேர் தண்ணீருக்கும் மண்ணுக்கும் பங்கு போடுகிறார்கள், அதில் மூன்றாவது ஆள் நான்.

தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்து விட்டுக்கொடுப்பான். அப்படி ஜெயிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அக்டோபர் 29

சொல்லிவிட்டேன்.

அவன் ஒன்றும் பேசாமல் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வயலுக்குப் போனான். ஜெயித்த மாதிரி இல்லை.

அக்டோபர் 31

இவர் இன்று சீர்திருத்த நாள் ஆராதனைக்கு. போனில் மணிச் சத்தம் கேட்டது. எனக்காக ஒரு செய்தி வைத்திருந்தார்: 1999-ல் இதே அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்துப் போட்டன, நாம் மீட்கப்படுவது கிருபையால்தான், நம் நற்செயலால் சம்பாதித்தது அல்ல என்று. வருஷா வருஷம் சொல்வார். "அதான் கையெழுத்து ஆயிடுச்சே, நீ ஏன் இன்னும் எழுந்திரிக்க மாட்டேங்குற?" என்றும் வருஷா வருஷம் கேட்பார். கையெழுத்து வேறு, பந்தி வேறு என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1715. அவர் போனபிறகும் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியிலிருந்து கத்தோலிக்கரான வீரமாமுனிவர் தரங்கம்பாடிக்காரர்களை மறுத்துப் புத்தகம் புத்தகமாக எழுதினார். இவ்வளவு நல்ல தமிழில் திட்டு வாங்கிய பரம்பரை நாங்கள் என்று மாமனார் பெருமையாகச் சொல்வார்.

சாயங்காலம் பங்குச் சாமியார் மழையில் நனைந்துகொண்டே வந்தார். அம்மாவுக்கு நன்மை. விழுங்க மாட்டாள் என்று சொன்னேன், ஒரு துணுக்கை ஸ்பூன் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் வாயில் இருந்தது. பிறகு இருமல், தலையணைத் துண்டில் வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. சாமியார் பதறவில்லை, அதைத் துண்டோடு எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு அதில் போட்டார். "கரையட்டும். முழுசாக் கரைஞ்சதும் யாரும் மிதிக்காத எடமாப் பாத்து மண்ணுல ஊத்திடுங்க. துண்டையும் அலசி அந்தத் தண்ணியையும் அங்கயே." அடுத்த ஊரில் சாகக் கிடக்கிற ஒருவரின் அவஸ்தைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போய்விட்டார்.

டம்ளரை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷமாக ஐந்தடி தூரத்தில் கடந்துபோனது, இன்று கையெட்டும் தூரத்தில். அப்பம் என்று அவன் சொல்வான். அப்பத்தோடும் இருக்கிறார் என்று இவர் சொல்வார். அப்பமே இல்லை இப்போது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். குடித்துவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்கமாட்டேன். யாரும் பார்க்கவில்லை.

தம்பி வந்தான். தலை துவட்டிக்கொண்டே டம்ளரைப் பார்த்தான். "என்னக்கா இது?" சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து பதினாறு வரை பூசைக்கு உதவினவன், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தவன். அடுக்களைக்குப் போனான். துண்டுப் பிரசுரத்தில் இருக்கிற வசனத்தை எடுத்துக்கொண்டு வருவான் என்று நினைத்தேன். ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து டம்ளர்மேல் மூடினான்.

"பல்லி விழுந்துரும்" என்றான்.

நவம்பர் 1

கரைந்துவிட்டது. கிணற்றடிச் செம்பருத்திக்கு. டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி நிற்கவில்லை, நாலு முறை ஏற்றினேன். தம்பி வரவில்லை. கிளம்பும்போது குடையைக் கையில் கொடுத்தான், பெரிய குடை.

நெல் எடுத்துவிட்டார்கள். ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று சொல்ல மாட்டேன் என்கிறான்.

நவம்பர் 3

அம்மா விரல் காலையிலிருந்து அசையவில்லை. மூச்சு இருக்கிறது. டாக்டர் தஞ்சாவூருக்குக் கொண்டுவரச் சொல்கிறார். தம்பி வண்டிக்குப் போயிருக்கிறான். ஆதார் நகல், பழைய ஸ்கேன், அந்தப் போர்வை