புதிய பூச்சிக்கொல்லிகள்: திறனும் அதன் விலையும்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் முதலிய பயிர்களைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் வரலாறு தெரிந்தவர்கள், புதிதாக வரும் எந்தப் பூச்சிக்கொல்லியைப் பற்றிய புகழுரையையும் சற்று ஐயத்துடனேயே படிப்பார்கள். 1953-இல் ஜாவாத் தீவில், டிடிடி இந்தப் பூச்சியிடம் பலிக்கவில்லை என்று பதிவானது. எதிர்ப்புத்திறன் உருவாக வாய்ப்பே இல்லை என்று பலரும் நம்பியிருந்த பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரிய மருந்தையும் இது வயல்வெளியிலேயே வென்றுவிட்டதாக 1990-இல் ஹவாயிலிருந்து செய்தி வந்தது. சுமார் பத்தாண்டுகள் கழித்து அங்கேயே ஸ்பினோசாட் என்ற மருந்தும் தோற்றது. 2007-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த டையமைடு வகை மருந்துகளோ பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் சேகரித்த பூச்சிகளில் அவற்றுக்கான எதிர்ப்பையும் அதன் மரபணுக் காரணத்தையும் 2012-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள்.

இந்த டையமைடுகளின் செயல்முறை வியக்கத்தக்கது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். குளோரான்ட்ரானிலிபுரோல், ஃப்ளூபென்டியமைடு போன்றவை பூச்சியின் தசைச் செல்களிலுள்ள ரையனோடின் ஏற்பி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, உள்ளே சேமித்துவைக்கப்பட்ட கால்சியத்தைக் கட்டுப்பாடின்றி வெளியேறச் செய்கின்றன. தசைகள் இறுகிப்போன புழு சில மணி நேரத்திலேயே இலையைத் தின்பதை நிறுத்தி, பின்னர் மடிகிறது. பாலூட்டிகளின் ரையனோடின் ஏற்பி வேறு அமைப்புடையது. ஆகவே மருந்து தெளிப்பவருக்கு, நரம்பு நொதியையே முடக்கும் பழைய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளால் நேர்ந்த ஆபத்தில் சிறு பங்குகூட இவற்றால் நேர்வதில்லை. இது பெரிய முன்னேற்றம். ஆனால் இவ்வளவு துல்லியமாக ஒரே இலக்கைத் தாக்கும் மருந்தைப் பூச்சி வெல்வதற்கு, அந்த இலக்கில் நேரும் ஒரு சிறு மாற்றமே போதும். வைரமுதுகுப் பூச்சியின் ஏற்பிப் புரதத்தில் 4946-ஆம் இடத்திலுள்ள கிளைசீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமைந்தது. மருந்தின் பிடி தளர்ந்துவிட்டது.

எதிர்ப்பு வேறு வழியிலும் வருகிறது. நெற்பயிரைத் தாக்கும் புகையான், இமிடாகுளோபிரிட் என்ற மருந்தை எதிர்த்து நின்றபோது பெரும்பாலும் இலக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை மிகுதியாகச் சுரந்தது. நடைமுறையில் இந்த வகையே அதிகத் தொல்லை தரும் என்று நினைக்கிறேன். செயல்முறையின் அடிப்படையில் மருந்துகளைக் குழு எண்களாகப் பிரித்து, ஒரே குழுவைத் தொடர்ந்து தெளிக்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள் என்பதுதான் உலகெங்கும் வழங்கப்படும் அறிவுரை. அது நல்ல அறிவுரைதான். என்றாலும், சிதைக்கும் நொதிக்குக் குழு எண் தெரியாது. ஒரு குழுவின் மருந்தால் பெருகிய நொதி, வேறொரு குழுவின் மருந்தையும் சேர்த்துச் சிதைக்கக்கூடும். குழு எண் ஒன்றாகவே இருக்க, வணிகப் பெயரை மட்டும் மாற்றித் தெளிப்பதை மருந்து மாற்றம் என்று கருதுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் பாதிப்பைப் பேசும்போது தேனீக்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின், தயாமீத்தாக்சாம் ஆகிய மூன்று நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகளின் பயன்பாட்டைத் தேனீக்களை முன்னிட்டே கட்டுப்படுத்தியது. 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றிலும் தடுத்தது. எனக்கு அதைவிடக் கவலையளிப்பது நீர்நிலைகளின் கதை. இமிடாகுளோபிரிட் ஊடுருவிப் பாயும் மருந்து. நீரில் எளிதில் கரைந்து வேரிலிருந்து தளிர் வரை செல்வதால்தான் அசுவினியையும் வெள்ளை ஈயையும் இலைக்கு அடியில் இருந்தாலும் கொல்ல முடிகிறது. அதே கரைதிறன்தான் அதை மழைநீரோடு வாய்க்காலுக்கும் கொண்டுசேர்க்கிறது. விதை நேர்த்தியில் இட்ட மருந்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு சிறு பங்கே. எஞ்சியது மண்ணிலும் நீரிலும் தங்குகிறது.

இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், சோதனைக்குத் தேர்ந்தெடுத்த உயிரினம். நீர்வாழ் உயிர்களுக்கான நச்சுச் சோதனைகளில் வழக்கமாகப் பயன்படும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு, இமிடாகுளோபிரிட்டை வியக்கத்தக்க அளவு தாங்கும். அதில் பாதியைக் கொல்ல ஒரு லிட்டர் நீரில் பல பத்து மில்லிகிராம் வேண்டும். ஈசல் போன்ற மெல்லிய சிறகுடைய மேஃப்ளை பூச்சிகளின் இளம் பருவங்களோ, பல நாள் தொடர்ந்து வெளிப்பட்டால், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுகின்றன. சோதனை பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட உயிரினம்தான் தவறானது. ஜப்பானின் ஷிஞ்சி ஏரியில் 1993-க்குப் பிறகு மிதவை உயிரிகளும் அவற்றை உண்ட சிறு மீன்களும் விலாங்குகளும் திடீரெனக் குறைந்ததை, சுற்றியுள்ள நெல் வயல்களில் அந்த ஆண்டு முதல் நியோநிகோட்டினாய்டுகள் புழக்கத்துக்கு வந்ததோடு தொடர்புபடுத்தும் ஆய்வு 2019-இல்தான் வெளியானது. ஒரே ஏரியின் தரவிலிருந்து பெறப்பட்ட தொடர்பு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் பூச்சிகளையும் மிதவை உயிரிகளையும் தின்று வாழும் மீன்கள் குறைவதற்கு நேரடி நச்சு தேவையில்லை, இரை இல்லாமல் போனாலே போதும் என்பதை அது நினைவூட்டுகிறது.

தாய்மருந்தைவிட அதன் சிதைவுப்பொருள் கொடிதாக இருப்பதும் உண்டு. ஃப்ளூபென்டியமைடு சிதைந்து உருவாகும் அயோடின் நீங்கிய சேர்மம், நீரடியில் வாழும் உயிர்களுக்குத் தாய்மருந்தைக் காட்டிலும் நச்சானது, நெடுநாள் நீடிப்பது. 2008-இல் நிபந்தனையோடு ஃப்ளூபென்டியமைடுக்கு அனுமதியளித்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2016-இல் அந்த அனுமதியை ரத்து செய்தது.

இப்போது பேசப்படும் புரோஃப்ளானிலைடு என்ற மருந்து, நரம்பின் காபா ஏற்பியில் பழைய மருந்துகள் தொடாத ஓரிடத்தைத் தாக்குகிறது. எனவே டீல்டிரின், ஃபிப்ரோனில் ஆகிய அந்தப் பழைய மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற பூச்சிகளையும் அது கொல்கிறது. தேனீக்களுக்கும் அது கடும் நச்சு. இத்தகைய மருந்தைப் பற்றிய வயல் ஆய்வு எனக்குக் கிடைத்தால், எத்தனை விழுக்காடு புழு செத்தது என்ற அட்டவணையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஆய்வு ஒரு பருவத்தோடு முடிந்ததா, ஒட்டுண்ணிக் குளவிகளையும் சிலந்திகளையும் எண்ணினார்களா, மருந்து தெளிக்கும் முன்பே அந்தப் பகுதிப் பூச்சிகளின் தாங்குதிறனை அளந்து வைத்தார்களா, மண்ணில் எஞ்சிய சிதைவுப்பொருள்களைத் தேடினார்களா என்பவையே முதலில் என் கண்ணில் பட வேண்டியவை. பெரும்பாலான கட்டுரைகளில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.