ஏழு மணிக்கு ஏறி எட்டரைக்கு இறங்குவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து தம்பி பொங்கலுக்கு வருகிறான். டிக்கெட்டைப் பார்த்த ஆயாவுக்கு ஒரே சந்தேகம். "ஏழு மணிக்கு ஏறி எட்டரைக்கு இறங்குறானா? காரைக்குடியில இருந்து திருச்சி போகவே ரெண்டு மணி நேரம் ஆகுதேப்பா!"

டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகாய வழியில் சுமார் 3,000 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலு மணி நேரம். அதில் இரண்டரையைக் கழித்தால் மிச்சம் ஒன்றரை. போகும்போது தலைகீழ்: இங்கே ராத்திரி பத்துக்கு ஏறினால் அங்கே விடிகாலை நாலரை. தூக்கம் போச்சு.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் கிடந்து பினாங்கு போனவர்களைப் பார்த்தவர் ஆயா. அவருக்கு நாலு மணி நேரமே நம்பும்படி இல்லை. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் சுமார் 15,300 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கிறது என்றேன். "அதுவரைக்கும் உட்கார்ந்தேவா?" என்றார். நியாயமான கேள்விதான்!

சரி, வண்டிக்காரரை ஒன்பதரைக்கு விமான நிலையம் வரச் சொன்னால் போதும். பெட்டி வந்து சேரவே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.