குட்டனுக்குக் கொப்பளிக்கத் தெரியாது

குட்டனுக்கு ஏழு வயது. பொமரேனியன் என்று சொல்லிக் கொடுத்தார்கள், பாதிதான் உண்மை. அவன் பக்கத்தில் வந்து கொட்டாவி விட்டால் யாரும் உட்கார முடியாது. நாய் வாய் நாறத்தானே செய்யும் என்று அம்மா சொல்ல, நானும் ஒரு வருடத்தை அப்படியே ஓட்டிவிட்டேன். ஒரு நாள் அவன் கடித்துப் போட்ட கயிற்றில் ரத்தம் இருந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். நான் போனது மெடிக்கல் ஷாப்புக்கு. நாம் கொப்பளிக்கும் மவுத்வாஷ் ஒரு பாட்டில் வாங்கி வந்து, வாயில் ஊற்றும் முன் ஏதோ தோன்றி லேபிளைப் பார்த்தால் சைலிட்டால் என்று போட்டிருந்தது. அது நமக்கு வெறும் இனிப்பு. நாய்க்கு இன்சுலினை ஏகத்துக்கும் சுரக்க வைத்து ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கலாம். போதாக்குறைக்கு ஆல்கஹால் வேறு. நாம் துப்பிவிடுகிறோம், அவனுக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாதே, போவதெல்லாம் வயிற்றுக்குத்தான்.

பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையில் பெரிய கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கம் முழுக்கப் பழுப்பாக ஒரு ஓடு, அதை ஒட்டி ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. எச்சில் சுரப்பியின் வாய் அந்தப் பல்லுக்கு நேராகத் திறப்பதால் அங்கேதான் காரை அதிகம் கட்டுமாம். பல்லில் படியும் வழவழப்பான படலம்தான் பிளேக், துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே எச்சிலில் உள்ள உப்புகள் சேர்ந்து கெட்டியாகிக் காரையாக ஆரம்பித்துவிடும். “ஏதாவது ஊற்றுகிற மருந்து கொடுங்க சார், போதும்” என்றேன். சிரித்துவிட்டார். மருந்து புதுப் படலம் சேராமல் பார்த்துக்கொள்ளும், கல்லாகிப் போனதைக் கரைக்காது என்றார்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை, இரவெல்லாம் பட்டினி, மயக்க மருந்து கொடுத்து ஸ்கேலிங், அதாவது காரையைச் சுரண்டி எடுப்பது. ஆடிக்கொண்டிருந்த முன்பல் இரண்டைப் பிடுங்கினார்கள். ஈறு மட்டும் வீங்கியிருந்தால் சரியாகிவிடும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிட்டால் திரும்ப வராது. அந்த இரண்டு பல்லும் அப்படிப் போனவை.

புண் ஆறும்வரை பிரஷ் கூடாது, அதற்குப் பதில் நாய்களுக்கான 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து, காலையும் இரவும். வாயை அகலத் திறக்கப் போய் முதல் நாள் என் சட்டை முழுக்க நுரை. திறக்கவே வேண்டாம் என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை எடுத்து, உதட்டோரத்தை விரலால் லேசாக விலக்கி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் நுனியை வைத்து ஈறு ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்தால் புரையேறும், தரையைப் பார்த்தபடியே இருக்கட்டும். அடுத்த அரை மணி நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர் கிடையாது. இந்த மருந்து பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்யும் வகை, உடனே கழுவிவிட்டால் என்ன பயன்?

இரண்டு வாரம் கழித்து நாய்களுக்கான பேஸ்ட் வைத்து பிரஷ். தினமும் பிரஷ் பண்ணினால் அதுதான் முதல், மருந்து அதற்குத் துணை என்றார் டாக்டர். சில பேஸ்ட்டில் உள்ள பொருட்கள் குளோர்ஹெக்சிடினை வேலை செய்ய விடாதாம், அதனால் இரண்டுக்கும் நடுவில் அரை மணி இடைவெளி விடுகிறேன். கோரைப்பல்லில் லேசாகப் பழுப்புக் கறை விழுந்ததைப் பார்த்து மறுபடியும் காரை கட்டிவிட்டது என்று பதறினேன். அது மருந்தின் கறைதான். ஈறு இப்போது ரோஸ் நிறத்தில் இருக்கிறது, இடது கடைவாயில் மட்டும் இன்னும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு.

பேஸ்ட்டில் கோழி வாசனை, அதனால் ராத்திரி ஒன்பது மணி ஆனதும் அவனே வந்து நிற்கிறான். சிரிஞ்சைப் பார்த்தால்தான் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். நானும் தினமும் குப்புறப் படுத்து அவன் பின்னங்காலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.