எட்டாம் ஹென்றியின் செம்பு மூக்கு

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி என்றதும் ஆறு மனைவியரும், ரோமோடு முறித்துக்கொண்ட உறவும்தான் பேச்சுக்கு வரும். ஆனால் அவருடைய குடிமக்களின் அன்றாடப் பிழைப்பில் கைவைத்தது அவர் கெடுத்துவிட்டுப் போன வெள்ளிக்காசு. அதை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அன்று 12 பென்னி (பன்மையில் பென்ஸ்) ஒரு ஷில்லிங். வெள்ளியை நிறுத்த ட்ராய் பவுண்டு எடைக்கு 12 அவுன்ஸ், ஒரு அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட். அதில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் வெள்ளியும் மீதி செம்பும் இருந்தால் அது ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதம். 1526இல் அப்படிப்பட்ட ஒரு பவுண்டு எடையிலிருந்து 45 ஷில்லிங் மதிப்புக்குக் காசு அடித்தார்கள்.

1544இல் பிரான்சோடும் ஸ்காட்லாந்தோடும் ஒரே நேரத்தில் போர். பிரான்சின் புலோன் நகரைப் பிடித்தாயிற்று. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. மடாலய நிலங்களை விற்றும் போதவில்லை. காசில் வெள்ளி 9 அவுன்ஸாக இறங்கியது. 1545இல் 6, 1546இல் 4. ஹென்றி 1547இல் இறந்த பிறகும், சிறுவனான ஆறாம் எட்வர்டின் பெயரில் ஆண்டவர்கள் இந்த வழியை விடவில்லை. 1551இல் வெறும் 3 அவுன்ஸ் வெள்ளியுள்ள ஒரு பவுண்டு எடையை 72 ஷில்லிங்காக அடித்தார்கள். அதாவது ஒரு பவுண்டு சுத்த வெள்ளி 288 ஷில்லிங் ஆனது. 1526இல் அதே வெள்ளிக்கு 49 ஷில்லிங்கூட வராது.

கால் பங்கு வெள்ளியை வெள்ளிபோலக் காட்டுவதற்கும் ஒரு வித்தை இருந்தது. முத்திரை குத்துமுன் வில்லைகளை நெருப்பில் காய்ச்சுவார்கள். மேற்பரப்பிலுள்ள செம்பு கருத்துப்போகும். பிறகு புளித்த உப்புக் கரைசலில் கொதிக்கவிட்டால் அந்தக் கருப்பு கரைந்துவிடும். மேலே வெள்ளித்தோல் மட்டும் மெல்லியதாக மிஞ்சும். காசு கைமாறத் தொடங்கியதும் மேடான இடம் முதலில் தேயும். டெஸ்டூன் என்ற ஷில்லிங் காசில் ஹென்றியின் முகம் நம்மை நேராகப் பார்க்கும். அதில் மேடான இடம் மூக்கு. வெள்ளி போய்ச் செம்பு பல்லிளித்தது. ‘பழைய செம்புமூக்கன்’ என்று மக்கள் அரசருக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

நல்ல பழைய காசு பெட்டிக்குள் போயிற்று, அல்லது உருகிக் கடல் கடந்தது. பிரிஸ்டல் நாணயச்சாலையை நடத்திய வில்லியம் ஷாரிங்டன் கணக்கை மாற்றித் தனக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டார். 1549இல் பிடிபட்டார், பிறகு மன்னிப்பும் பெற்றார். ஆண்ட்வெர்ப் சந்தையில் ஒரு இங்கிலீஷ் பவுண்டின் (எடையல்ல, 20 ஷில்லிங் பணம்) மாற்று, அந்த ஊர் பிளெமிஷ் பணத்தில் 26 ஷில்லிங் 8 பென்ஸிலிருந்து 13 ஷில்லிங் 4 பென்ஸாகச் சரிந்தது என்று அரசுக்குக் கடன் ஏற்பாடு செய்த வணிகர் தாமஸ் கிரஷாம் 1558இல், அப்போது அரசியான ஹென்றியின் மகள் எலிசபெத்துக்கு எழுதினார்.

சரிசெய்யப் போன முதல் முயற்சி இன்னும் மோசம். ஷில்லிங்கை 9 பென்ஸாகக் குறைக்கப் போகிறோம் என்று 1551 ஏப்ரலில் மாதக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்தார்கள். நாளைக்குத் தேயப்போகும் காசை இன்று எந்த வியாபாரி பழைய மதிப்புக்கு வாங்குவான்? விலைகள் உடனே எகிறின. ஜூலையில் 9 பென்ஸ், ஆகஸ்டிலேயே 6 பென்ஸ். அடி முழுவதும் கையில் அந்த நேரம் காசு வைத்திருந்தவர்கள்மேல் விழுந்தது.

எலிசபெத்தின் ஆட்கள் 1560 செப்டம்பரில் இதைத் தெளிவாகச் செய்தார்கள். புழக்கத்தில் 6 பென்ஸாக இருந்த கலப்பட டெஸ்டூன்களில் சற்று நல்லவை 4½ பென்ஸ். சிங்கம், ரோஜா, யாழ், அல்லி அடையாளமிட்ட படுமோசமானவை 2¼ பென்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிரித்தறிய, முதல் வகையில் கோட்டைக் கதவின் முத்திரையும் இரண்டாம் வகையில் வேட்டைநாய் முத்திரையும் குத்தினார்கள். அவற்றையும் திரும்ப வாங்கி உருக்கிவிட்டதால் முத்திரையிட்ட காசுகள் இன்று அபூர்வம். 1561 முடிவதற்குள் பெரும்பகுதி வேலை முடிந்தது.

ஆனாலும் மீண்டது தரம் மட்டும்தான், எடை அல்ல. 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட் தரம் திரும்பியது. ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு இப்போது 60 ஷில்லிங். எலிசபெத்தின் ஷில்லிங்கில், அவருடைய தந்தையின் 1526ஆம் ஆண்டுக் கணக்கைவிடக் கால் பங்கு வெள்ளி குறைவு.