கூலன்ட் குறைந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரஷர் போட்டுப் பாருங்கள்

கூலன்ட் என்பது கார் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் திரவம், மூடிய சுற்றுக்குள் ஓடுவது. ரிசர்வ் டேங்கில் மாதாமாதம் அளவு இறங்கினால், ஒன்று வெளியே கசிகிறது, இல்லையென்றால் சிலிண்டருக்குள் போகிறது. அதைத் தேடாமல் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அதிலுள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களின் உட்சுவரில் படிந்து சூட்டை வெளியேற விடாது.

சோதனையெல்லாம் எஞ்சின் ஆறிய பிறகுதான். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது ஆவியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை (ரப்பர் குழாயை) கையால் அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் பொறுங்கள்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடியைத்தான். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். அது பார் கணக்கு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்று சொல்லும் அளவு. 0.9 பாரில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மூடியின் அடியில், நடுவே உள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்து விடுங்கள், டக்கென்று திரும்ப வேண்டும். அது சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஆறும்போது ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். விலை குறைந்த சாமான், மாற்றிவிடுங்கள்.

அடுத்து பிரஷர் டெஸ்டர், மூடி இருந்த இடத்தில் பொருத்தி அழுத்தம் ஏற்றும், முள் வைத்த கைப் பம்ப். மூடியில் உள்ள அளவுவரை மட்டும் பம்ப் அடித்து 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் டார்ச் அடித்துத் தேடுங்கள்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் கசிவுத் துளை. காய்ந்த கூலன்ட் பொருக்குத் தட்டியிருக்கும். முன் சீட்டுக் கால்மிதியின் அடியில் ஈரமும் இனிப்பு வாசனையும் இருந்தால், காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால், எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். அதற்கு ரேடியேட்டர் வாயில் வைக்கும் வேறொரு டெஸ்டர் உண்டு, அதில் நீல நிறத் திரவம் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் அந்தத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது.

எஞ்சின் சூடேறியதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றாமலே பார்க்கலாம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸில் கை வையுங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சரசரவென்று சூடேறினால் நல்லது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்தபடி நின்றுவிட்டது. டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போயும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் திறக்கவில்லை, உடனே எஞ்சினை அணையுங்கள். “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம்” என்று கழற்றி எறிவது தப்பு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலும் கெடும்.

ஏசி போட்டதும் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள்.

எல்லாம் சரியானபின் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள், ஏற்கெனவே கலந்து விற்கும் ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐட்லிங்கில் விட்டால் காற்று வெளியேறும். மறுநாள் காலை அளவை ஒருமுறை பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.